ரவுண் என்பது முதலில் ஒரு வேலி

பெரியண்ணா ஜேர்மனியில், சின்னம்மா நெதர்லாந்தில், மச்சான் நோர்வேயில், மாமா இலண்டனில் என்று ஒரே குடும்பம் நான்கு நாடுகளில் இருப்பது இன்று வன்னியில் யாருக்கும் வியப்பில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் புகுந்த நாட்டின் மொழியைத் தனித்தனியே, தமக்கே உரிய சிரமங்களோடு கற்றுக்கொண்டார்கள். அந்த நான்கு மொழிகளும் ஜேர்மானியம் என்னும் ஒரே கிளையில் பிறந்தவை என்பதையும், பிறந்த வீட்டிலிருந்து கொண்டு போன சில சிறு சொற்களை அவை இன்றும் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் மொழிவகுப்பில் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அத்தகைய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓரசைச் சொல் ஒன்று. பெரியண்ணாவின் வாயில் அது வேலி. சின்னம்மாவின் வாயில் தோட்டம். மச்சானின் வாயில் முற்றம். மாமாவின் வாயில் பட்டணம். வன்னியில் இருக்கும் நாங்கள்கூட, ‘ரவுணுக்குப் போட்டு வாறன்’ என்று சொல்லும்போது அதே சொல்லைத்தான் சொல்லுகிறோம்.

ஜேர்மன் மொழியில் அது ‘ட்சவுன்’, டச்சு மொழியில் ‘தொய்ன்’, நோர்வீஜிய மொழியிலும் ஐஸ்லாந்து மொழியிலும் ‘தூன்’, ஆங்கிலத்தில் ‘டவுன்’. இவற்றுக்கெல்லாம் மூலமாக மொழியியலாளர் மீட்டமைத்திருக்கும் பழைய வடிவமும் ‘தூன்’ என்றே தொடங்குகிறது. அதன் பொருள் வேலி, அல்லது வேலியால் சூழப்பட்ட இடம். ஒலி சற்று ஒத்திருப்பதை மட்டும் வைத்து இப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த வேறுபாடுகள் ஓர் ஒழுங்கோடு வருகின்றன என்பதே இங்கு சான்று. வீட்டைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டால் நோர்வீஜியத்தில் ‘ஹூஸ்’, ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் ‘ஹவுஸ்’, டச்சில் ‘ஹொய்ஸ்’. எலியைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டால் ‘மூஸ்’, ‘மவுஸ்’, ‘மொய்ஸ்’. பழைய நெடில் ‘ஊ’ வடக்கே அப்படியே நின்றிருக்க, தெற்கிலும் மேற்கிலும் அது இரட்டை உயிராக உடைந்திருக்கிறது. ஜேர்மன் மொழி மட்டும் சொல்லின் முதலில் ‘ட்ச’ என்று ஒலிப்பதும் தற்செயலன்று. மற்ற மொழிகளில் ‘ட’ அல்லது ‘த’ நிற்கும் இடத்தில், பத்து, பல், நாக்கு, இரண்டு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் ஜேர்மன் அதே ‘ட்ச’ ஒலியைத்தான் வைத்திருக்கிறது.

டச்சுக்காரரின் இந்த ‘ஹொய்ஸ்’ எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஏறத்தாழ 137 ஆண்டுகள் இங்கே ஆண்டுவிட்டுப் போனபோது, விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று கக்கூசு. அதன் பிற்பாதியாக இருக்கும் ‘கூசு’ வீட்டைக் குறிக்கும் அந்த டச்சுச் சொல்தான். முற்பாதியின் பொருளை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

பொருளின் பயணத்துக்கு வருவோம். சொல்லை அதன் பழைய பொருளில் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது ஜேர்மன் மொழி. அங்கே ‘ட்சவுன்’ என்றால் இன்றும் வேலிதான், வேறொன்றுமில்லை. எனவே அதன் மரபுத்தொடர்களிலும் வேலி உயிரோடு இருக்கிறது. வலிய ஒரு சண்டையைத் தொடங்குவதை அவர்கள் ‘சண்டையை வேலியிலிருந்து முறித்தெடுத்தல்’ என்கிறார்கள். பக்கத்தில் கிடைத்த வேலித்தடியை முறித்துக்கொண்டு அடிக்கப் போனவனின் சித்திரம் அதற்குள் இருக்கிறது. மறைமுகமாகச் சொல்லவேண்டியதை மறைக்கத் தெரியாமல் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுவது ‘வேலிக்கட்டையால் சைகை காட்டுதல்’. நுழைவுச்சீட்டு வாங்காமல் வெளியே நின்று விளையாட்டுப் பார்ப்பவர் ‘வேலி விருந்தாளி’. புதரிலும் வேலியிலும் தத்தித் திரியும் மிகச் சிறிய பறவை ஒன்றுக்கு ‘வேலி அரசன்’ என்று பெயர். எங்கள் வேலிகளில் அந்த இடத்தில் இருப்பவை புலுனிகள். கூட்டமாக வந்து சத்தம் போடும் அவற்றுக்கு அரச பதவி கொடுக்க எங்கள் முன்னோருக்கு ஏனோ தோன்றவில்லை. எங்கள் பழமொழிகள் வேலியில் கண்டது ஓணானை. சாட்சிக்கு அழைத்ததும் அதைத்தான்.

வேலி என்றதும் கம்பியையோ மதிலையோ நினைப்பவருக்கு இந்தச் சொல்லின் வரலாறு விளங்குவது கடினம். பழைய ‘தூன்’ தடிகளை நட்டு, குறுக்கே கொம்புகளைப் பின்னிக் கட்டிய வேலி. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. கிளுவையிலும் சீமைக்கிளுவையிலும் பூவரசிலும் கதியால் வெட்டி, அலவாங்கால் குழி போட்டு இறுக்கி நட்டு, குறுக்கே வரிச்சு வைத்து, பனையோலையோ கிடுகோ சாத்திக் கட்டுவதை நாங்கள் வேலியடைப்பு என்போம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிற்கவேண்டும். உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலையினூடே வெளியே தள்ள, வெளியே நிற்பவர் கதியாலைச் சுற்றிக் கயிற்றை மாற்றி ஊசியை உள்ளே அனுப்புவார். ஓலைக்கு இரு புறமும் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே ஊர்ப்புதினம் முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். மாரி பிடித்ததும் கதியால் துளிர்க்கும். இரண்டு மாரி கண்ட கதியால் மரமாகிவிடும். பிறகு அதை நகர்த்த முடியாது என்பதனால்தான் எல்லைச் சண்டைகளெல்லாம் கதியால் துளிர்ப்பதற்கு முன்னரே நடக்கின்றன. சண்டையை வேலியிலிருந்து முறித்தெடுக்க ஜேர்மன்காரரிடம் நாங்கள் கற்றுக்கொள்ளவேண்டிய நிலையில் இல்லை.

வேலி என்ற சொல் வேலிக்குள் இருப்பதைக் குறிக்கத் தொடங்குவதே அடுத்த படி. டச்சு மொழியில் நடந்தது அதுதான். அங்கேயும் இந்தச் சொல் முதலில் வேலியைத்தான் குறித்தது. பழைய ஒல்லாந்து நாணயங்களிலும் முத்திரைகளிலும் காணப்படும் ‘ஒல்லாந்தின் தொய்ன்’ என்னும் சின்னத்தில் பின்னிய கொம்புகளாலான வட்ட வேலி ஒன்றும், அதற்குள்ளே ஒரு சிங்கமோ கன்னிப்பெண்ணோ இருப்பதும் தெரியும். நாட்டைக் காக்கும் வேலி என்பது கருத்து. பின்னர் வேலியை விட்டுவிட்டு, அது சூழ்ந்த நிலமே ‘தொய்ன்’ ஆயிற்று. இன்று சின்னம்மா கத்தரியும் பச்சைமிளகாயும் நட்டிருக்கும் வீட்டுப் பின்புறத்துத் துண்டு நிலம் அதுதான். அதைச் சுற்றியிருக்கும் வேலிக்கு இப்போது வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

வடக்கே போனால் பொருள் இன்னும் நுட்பமாகப் பிரிகிறது. நோர்வேயில் ‘தூன்’ என்பது பண்ணை வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் தொழுவத்துக்கும் நடுவே கிடக்கும் வெளி. பழைய மேற்கு நோர்வேயில் பல குடும்பங்களின் கட்டடங்கள் நெருக்கமாகக் கூடி நின்ற இடத்துக்கும் இந்தச் சொல் வழங்கியது. ஐஸ்லாந்திலோ அது வீட்டைச் சுற்றியுள்ள, எருவிட்டு வளர்த்த புல்நிலம். முன்னாளில் கல்லும் புற்கரணையும் கொண்டு சுவர் எடுத்து அதை அடைத்திருந்தார்கள். இங்கே அடைப்பு நெல்லுக்காக, அங்கே புல்லுக்காக. நெல் விளையாத, நீண்ட பனிக்காலம் உள்ள தீவில், கோடையில் வெட்டி உலர்த்திய புல்தான் மாட்டையும் ஆட்டையும் அடுத்த வசந்தம்வரை உயிரோடு வைத்திருக்கும் என்பதை எண்ணினால், வேலி போட்டுக் காக்கத்தக்க நிலம் எது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன விடையில் தவறில்லை. சுவீடனில் சிக்தூனா, எஸ்கில்ஸ்தூனா போன்ற ஊர்ப்பெயர்களின் இறுதியில் நிற்பதும் இந்தச் சொல்லே.

மிக நீண்ட தூரம் நடந்தது ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் ‘தூன்’ என்றால் அடைப்பு, வளவு, பண்ணைவீடு, அந்தப் பண்ணைவீட்டைச் சார்ந்த சிற்றூர் என்று பொருள் படிப்படியாக விரிந்தது. இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் ‘ரன்’ என்று முடிபவற்றுட் பெரும்பாலானவை அந்தக் காலத்துக்குரியவை. மாமா வசிக்கும் இலண்டனின் தென்புறத்திலேயே கிங்ஸ்ரன் என்றால் அரசனின் பண்ணை. சட்டன் என்றால் தெற்குப் பண்ணை. வடக்கே பிரஸ்ரன் என்பது குருமாரின் பண்ணை. கடற்கரையில் இருக்கும் பிரைற்ரன், 1086 ஆம் ஆண்டின் அரச நில அளவைப் பதிவில் இருக்கும் வடிவத்தைக் கொண்டு பார்த்தால், பியோர்த்ஹெல்ம் என்னும் ஒருவரின் பண்ணை. ஆனால் கண்டதையெல்லாம் இப்படிப் பிரித்துவிடவும் கூடாது. இஸ்லிங்ரன் என்ற பெயரின் முடிவு குன்றைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்து, பிற்காலத்தில் மற்ற ஊர்களைப் பார்த்துத் தன் வாலை மாற்றிக்கொண்டது. ஊர்ப்பெயர்களுக்குக் காதால் கேட்டுப் பொருள் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் மிகுதியாக இருப்பதனால் இதைக் குறித்துவைக்கிறேன்.

பண்ணை எப்போது பட்டணமாயிற்று என்பதற்கு ஒரு நல்ல சான்று விவிலியத்தில் கிடைக்கிறது. 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோன் விக்கிளிப்பின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஊதாரி மைந்தன் சொத்தையெல்லாம் அழித்தபின் ஒரு குடியானவனிடம் போய் ஒட்டிக்கொள்ள, அவன் இவனைத் தன் ‘டவுனு’க்குப் பன்றி மேய்க்க அனுப்புகிறான். இன்றைய ஆங்கிலக் காதுக்கு இது நகைப்பாக இருக்கும். தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் ‘தன் வயல்களில்’ என்றிருப்பதே அங்கு உண்மையான பொருள். அதாவது நோர்மானியர் 1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பட்டணம் என்ற பொருள் மெல்ல மேலோங்கி வந்துகொண்டிருந்த காலத்திலும், பண்ணை என்ற பழைய பொருள் சாகவில்லை. ஸ்கொட்லாந்தின் நாட்டுப்புற வழக்கில் அது அதற்குப் பின்னரும் நெடுங்காலம் வாழ்ந்தது. அங்கே ‘தூன்’ என்றால் பண்ணைவீடும் அதன் கொட்டில்களும்தான். இலத்தீனில் பண்ணைமனையைக் குறித்த ‘வில்லா’, பிரெஞ்சில் ‘வில்’ என்ற நகரமாக மாறியதும் இதே வழியில் நடந்ததுதான்.

சொல்லின் தோற்றத்தைப் பற்றி ஒரு செய்தி மீதமிருக்கிறது. ஐரோப்பாவின் பழைய கெல்டிக் மொழிகளில் கோட்டையைக் குறிக்க ‘தூனொன்’ என்றொரு சொல் இருந்தது. அதன் முதலெழுத்தைத் ‘தம்பி’யின் த போல அல்லாமல், ‘பந்து’வில் வரும் த போல ஒலிக்கவேண்டும். பிரான்சின் லியோன் நகரத்தின் பழைய பெயரான லுக்துனும், வெர்டன் என்ற பெயர், அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ‘டன்’ என்று தொடங்கும் ஊர்கள் பல ஆகியவற்றில் இருப்பது அந்தக் கோட்டைதான். கிறிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிறிம் 1822 இல் வகுத்துக்காட்டிய ஒலிமாற்ற விதியின்படி, பழைய மென்மையான த ஜேர்மானியத்தில் வன்மையான த ஆகும். ஆகவே அந்த மாற்றம் நடப்பதற்கு முன்னரே, கெல்டிக் அயலவரிடமிருந்து ஜேர்மானியர் இச்சொல்லைக் கடனாகப் பெற்றனர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் அயலவரின் கோட்டை இவர்களிடம் வந்து வேலியாயிற்று. பூநகரிக் கோட்டையின் இடிந்த சுவரைப் பார்த்தவர்களுக்கு, கோட்டைக்கும் வேலிக்கும் உள்ள தூரம் பெரிதன்று என்பது தெரியும். ஜேர்மானியர் தம் பங்குக்கு இச்சொல்லை ஸ்லாவிய மொழிகளுக்குக் கொடுத்தனர். ரஷ்ய மொழியில் ‘தின்’ என்றால் இன்றும் மரக்கட்டைகளை வரிசையாக நட்ட வேலி.

இத்தனையும் படித்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பினால், அதே வழியில் நடந்த சொற்கள் எங்களிடமும் இருக்கின்றன. வேலி என்ற சொல்லே முதற்சான்று. சோழநாட்டில் அது நில அளவாயிற்று. 20 மா கொண்டது ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, ‘வேலி ஆயிரம் விளையுட்டு ஆக’ என்று காவிரி பாயும் நாட்டின் விளைச்சலைச் சொல்லும்போது, வேலிக்கு ஆயிரம் கலம் விளைந்ததென்று உரைகாரர் பொருள் கொள்கிறார். அங்கே வேலி விளைகிறது. அடைத்த தடியின் பெயர் அடைபட்ட மண்ணுக்கு வந்துவிட்டது. ‘வேலியே பயிரை மேய்ந்தால்’ என்ற பழமொழியில் நிற்பது பழைய வேலி, பாட்டில் நிற்பது புதிய வேலி. மாட்டை அடைக்கும் பட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி என ஊராக வளர்ந்ததும் அப்படித்தான். வன்னியில் பட்டி இன்னும் மாட்டோடுதான் இருக்கிறது. பட்டிப்பொங்கலுக்கு நாங்கள் பொங்குவது ஊருக்கன்று.

இருப்பினும் ஜேர்மானியத் ‘தூனு’க்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் எது என்று கேட்டால் நான் வளவு என்றுதான் சொல்வேன். வளைத்தல் என்ற வினையோடு சேர்ந்த சொல் அது. வளைத்து அடைத்தது வளவு. எங்களுக்கு அது வேலிக்குள் வீடும் கிணறும் மரங்களும் அடங்கிய காணி. செட்டிநாட்டு வீடுகளிலோ வளவு என்பது வீட்டுக்கு உள்ளேயே, அறைகள் சூழ்ந்திருக்கும் நடுப்பகுதி. நோர்வேயின் ‘தூனு’ம் கட்டடங்கள் சூழ்ந்த வெளிதான். மச்சான் தன் பிள்ளைகளுக்கு அச்சொல்லை முற்றம் என்று விளங்கப்படுத்துகிறார். அது போதுமானதென்றாலும், முற்றத்துக்கு வேலி தேவையில்லை; வளவுக்குத் தேவை.

வேலிக்குள் மனிதர் கூடினால் ஊராகிவிடும் என்று இந்தச் சொல்லின் வரலாற்றை மட்டும் படித்தவர் நினைக்கக்கூடும். 2009 இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் முள்ளுக்கம்பி வேலிக்குள் இருத்தப்பட்டார்கள். கடைசிக் குடும்பங்கள் 2012 செப்ரெம்பரில்தான் வெளியேறின. ஒரு நகரத்துக்குரிய மக்கள்தொகை அங்கே இருந்தும் அதை யாரும் ஊர் என்று சொல்லவில்லை. முகாம் என்றார்கள், கம்பிக்குள்ளே என்றார்கள். ‘தூன்’ ஊராக வளர்ந்ததற்குக் காரணம், வேலியைப் போட்டவரும் அதற்குள் இருந்தவரும் ஒருவரேயாக இருந்ததுதான் என்பது என் எண்ணம். படலையைத் திறக்கும் உரிமை உள்ளே இருப்பவரிடம் இல்லாதபோது அந்தச் சொல் வளர்வதற்கு வழியே இல்லை.

வன்னியின் ஊர்ப்பெயர்களில் வேலியைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இத்தனைக்கும் காட்டை வெட்டி, யானைக்கும் பன்றிக்கும் பயந்து, நாற்புறமும் அடைத்துக்கொண்டு குடியேறியவர்கள் எங்கள் முன்னோர். இன்றும் காட்டோரக் கிராமங்களுக்கு மின்சாரத்தில் யானைவேலி போடுகிறார்கள். ஆனாலும் மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், அக்கராயன்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம் என்று பெயர்கள் குளத்தில் போய் முடிகின்றன. முத்தையன்கட்டு, உடையார்கட்டு, இரணைமடு, விசுவமடு, நெடுங்கேணி என்று மற்றவையும் தண்ணீரைச் சுற்றியே நிற்கின்றன. இங்கிலாந்திலும் நோர்வேயிலும் மழைக்குக் குறைவில்லை. அங்கே ஓரிடத்தை இன்னாருடையது என்று ஆக்கியது வேலி. ஆகவே வேலி ஊராயிற்று. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் பெய்யும் மழையைத் தேக்கிவைத்தால்தான் குடியிருக்க முடியும் என்ற வரண்ட நிலத்தில் அந்த வேலையைச் செய்தது குளக்கட்டு. பொருள் நகர்ந்த விதத்தில் மட்டும் வேறுபாடு இல்லை. ‘புளியங்குளத்தில் இறங்கவேண்டும்’ என்று பேருந்து நடத்துநரிடம் சொல்பவர், ஏ9 வீதியோரத்துக் கடைகளுக்கு முன்னால் இறங்குகிறார். தண்ணீருக்குள் இறக்கிவிடும்படி அவர் கேட்டதாக நடத்துநரும் நினைப்பதில்லை.